நாற்பத்தைந்து காசுக்கு மோனை

தே ஆறட்டும். அதற்குள் ஒரு பாட்டைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

ராசாவிலும் சிரம்பானைச் சுற்றியும் இன்றைக்குத் தாமான்களாக (குடியிருப்புகளாக) இருக்கும் பல இடங்களில் முன்பு பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், நின்றன. அந்தக் காலத் தோட்டப் பாட்டு ஒன்று மலேசியத் தமிழர் பலருக்கும் தெரியும். பால்மரம் வெட்டக் கப்பலேறி வந்தவன் முதுகு முறிந்த கதை. கட்டியவர் பெயர் கிடையாது.

அதில் வரும் கப்பல் பழைய கப்பல். ஏன் பழையது? பாலுக்கு மோனை வேண்டும், அதுதான். அடுத்து கூலி வருகிறது: நாற்பத்தைந்து காசு. கூடவே நட்டெலும்பு. இடுப்பு என்றோ முதுகு என்றோ சொல்லியிருக்கலாம். ‘நா’வுக்கு ‘ந’ இசைந்ததால் நட்டெலும்பு வந்து உட்கார்ந்தது. ஓசைக்காக வந்த சொல், கூலியையும் எலும்பையும் ஒரே மூச்சில் சொல்ல வைத்துவிட்டது. தோட்டத் துரையைத் திட்டி நாலு பக்கம் எழுதினாலும் இவ்வளவு சுருக்காக வராது என்பது என் கட்சி.

எழுத்தறியாதவர்களுக்கு இது எப்படிக் கைவந்தது? கப்பலில் வரும்போதே தாலாட்டு, கும்மி, ஒப்பாரி மெட்டுகளும் அவற்றில் பழகிய தொடர்களும் அவர்கள் நாக்கில் இருந்தன. மெட்டு அப்படியே நிற்கும். வயல் இருந்த இடத்தில் பால்மர நிரை வரும், பண்ணையார் இருந்த இடத்தில் கங்காணி வருவார். 1930களில் ஆய்வாளர்கள் மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் யுகோஸ்லாவியப் பாணர்களைப் பதிவு செய்து, நீண்ட கதைப்பாடல்களையே பழகிய தொடர்களைக் கோத்துத்தான் பாடுகிறார்கள் என்று காட்டினார்கள். அதே அளவுகோலை ஆய்வாளர் க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் சங்கப் பாட்டுகளுக்கு வைத்துப் பார்த்தார். (அதை எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அது தனிச் சண்டை.)

ஒப்பாரியில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். செத்தவரைப் பாடுவதுபோல் இருக்கும். காது கொடுத்துக் கேட்டால், உயிரோடிருக்கும் அண்ணன்மேல், மாமியார்மேல், சில நேரம் கங்காணிமேலும் புகார். அழுகிற பெண்ணை யார் அடக்குவது? வேறு நாளில் சொல்ல முடியாததை அன்றைக்குச் சொல்லிவிடுவாள். அதனால் ஒப்பாரியில் பொருள் தேடுகிறவர், யாரைப் பாடுகிறாள் என்பதோடு யார் காதில் விழப் பாடுகிறாள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பழைய மெட்டில் புதுச் சொல்லை ஏற்றும் வித்தை தோட்டத்தோடு முடிந்துவிடவில்லை. 2006இல் மலேசிய ராப் குழுவான யோகி பி - நட்சத்ரா குழுவினர் ‘வல்லவன்’ தொகுப்பில், ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து, பழைய மெட்டுக்கு நடுவே தங்கள் சொல்லை ஏற்றினார்கள். பாட்டி செய்ததைத்தான் பேரன்களும் செய்தார்கள், மைக்கைப் பிடித்துக்கொண்டு.

வாய்மொழிப் பாட்டு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஒரு வாயில் கங்காணி, இன்னொரு வாயில் கிராணி (தோட்ட எழுத்தர்). அந்த மாற்றத்தில்தான் பாடியவரின் கை தெரியும். அதனால் அச்சில் வந்த பாட்டுத்தானே என்று விட்டுவிடாதீர்கள். தோட்டத்தில் வளர்ந்த பாட்டி வீட்டில் இருந்தால் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், யாரிடம் கேட்டுப் பழகியது என்பதையும் கேட்டுக் குறித்து வையுங்கள்.