ஆறு மணிக்கு டேக் வரும்

நடிகரின் பிறந்தநாளுக்கு இன்னும் பல நாள் இருக்கும்போதே, ரசிகர்கள் எல்லோரும் முகப்புப் படமாக வைக்கும் 'காமன் டிபி' வேலை தொடங்கிவிடுகிறது. போட்டோஷாப் தெரிந்த ஒருவர் படத்தைச் செய்கிறார். அதை எந்தப் பிரபலத்தைக் கொண்டு வெளியிடுவது என்று இன்னொருவர் பேசி முடிக்கிறார். எல்லோரும் பதிவில் சேர்க்கவேண்டிய ஹேஷ்டேக், அதாவது 'டேக்', மட்டும் கடைசி நிமிடம் வரை ரகசியம். "ஆறு மணிக்குத்தான் டேக் வரும், அதுக்கு முன்னாடி யாரும் போட்டுறாதீங்க" என்று குழுவுக்குக் குழு எச்சரிக்கை பறக்கும். எழுதவேண்டிய பதிவுகளை முன்பே எழுதி டிராஃப்டில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். மணி ஆறானதும் மதுரை, யாழ்ப்பாணம், கோலாலம்பூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் கொட்டும்.

வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது வேலையற்ற வேலை. ஆனால் அந்த ரகசியத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பிள்ளைகள் சரியாகவே பிடித்திருக்கிறார்கள்.

இன்று எக்ஸ் எனப்படும் ட்விட்டரின் 'ட்ரெண்டிங்' பட்டியல், ஒரு சொல் மொத்தம் எத்தனை முறை வந்தது என்று மட்டும் பார்ப்பதில்லை. வழக்கமாக வருவதைவிட இப்போது எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்க்கிறது. இதை அந்த நிறுவனமே 2010இல் விளக்கியது. நாளெல்லாம் ஆயிரக்கணக்கில் புழங்கும் ஒரு சொல், இன்னும் சில நூறு கூடினாலும் அசையாது. நேற்றுவரை யாருமே எழுதாத சொல் பத்து நிமிடத்தில் சில நூறு முறை வந்தால் மேலே ஏறிவிடும். டேக் முன்கூட்டியே கசிந்தால் அது 'பழைய சொல்' ஆகிவிடும், வேகம் குறைந்துவிடும். ஆறு மணி ரகசியத்தின் காரணம் இவ்வளவுதான்.

இந்தக் கணக்கே ரசிகர்களால் மாறியதுதான். 2010இன் தொடக்கத்தில் கனடாப் பாடகர் ஜஸ்டின் பீபரின் பெயர் அந்தப் பட்டியலை விட்டு இறங்க மறுத்தது. பதின்ம வயதுப் பிள்ளைகள் இரவு பகலாக எழுதிக்கொண்டே இருந்தார்கள். ட்விட்டர் அந்த ஆண்டு கணக்கை மாற்றி, தொடர்ந்து புழங்கும் சொற்களுக்கு மதிப்பைக் குறைத்தது. பீபர் பட்டியலிலிருந்து இறங்கினார். ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? பெயரின் எழுத்துகளைப் புரட்டிப்போட்டுப் புதுச் சொல்லாக்கி மறுபடி வந்தார்கள்.

யூடியூபிலும் இதே ஆடுபுலி ஆட்டம். பழைய யூடியூபைப் பார்த்தவர்களுக்கு 301 என்ற எண் நினைவிருக்கும். புது வீடியோ ஒன்றின் பார்வை எண்ணிக்கை சட்டென்று 301இல் நின்றுவிடும், லைக் மட்டும் ஆயிரத்தைத் தாண்டிப் போகும். பார்ப்பது மனிதர்களா அல்லது எண்ணிக்கையை ஏற்றும் நிரல்களா என்று சரிபார்ப்பதற்காக வைத்த தடுப்பு அது. 2015இல்தான் அதை எடுத்தார்கள். பிறகு 2019 ஜூலையில் பாட்ஷா என்ற ராப் பாடகரின் 'பாகல்' பாடல் 24 மணி நேரத்தில் 7.5 கோடி பார்வை என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் தென்கொரியாவின் பி.டி.எஸ். குழு படைத்த 7.46 கோடி சாதனையை அது முந்தியது. ஆனால் விளம்பரமாகக் காசு கொடுத்து ஓடவிட்ட பார்வைகளும் அதில் சேர்ந்திருந்தன. அன்றைய விதிப்படி அது தவறும் அல்ல. கொரிய பாப் இசையின், அதாவது கே-பாப்பின், ரசிகர்கள் கொதித்தார்கள். செப்டம்பரில் யூடியூப் விதியை மாற்றியது: விளம்பரப் பார்வை இனி 24 மணி நேரச் சாதனைக் கணக்கில் சேராது.

எது எண்ணப்படும், எது கழிக்கப்படும் என்ற முழு விவரத்தை யூடியூப் வெளியிடுவதில்லை. அந்த இடைவெளியில்தான், எப்படிப் பார்த்தால் எண்ணிக்கை ஏறும் என்று ரசிகர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் 'ஸ்ட்ரீமிங் கைடு' பிறக்கிறது. ஒரே பாடலைத் திரும்பத் திரும்ப ஓட்டாதே, நடுவில் வேறு வீடியோ பார், ஒலியை அணைக்காதே, முழுதாகப் பார் என்று பட்டியல் நீளும். இதில் கொஞ்சம் அனுபவ அறிவு, கொஞ்சம் வெறும் நம்பிக்கை. எது எதுவென்று பிரித்துச் சொல்ல நிறுவனத்துக்கு வெளியே யாராலும் முடியாது.

சரி, வெறும் எண்ணுக்கு ஏன் இத்தனை பாடு? இதற்கு நல்ல விடை 2006இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் இணையத்தில் ஒரு பாட்டுக் கடையைத் திறந்தார்கள். அறிமுகமில்லாத குழுக்களின் 48 பாடல்கள். வந்தவர்கள் 14,341 பேர், பெரும்பாலும் பதின்ம வயதினருக்கான ஓர் இணையதளம் வழியாக வந்தவர்கள். ஒரு பிரிவினருக்குப் பாடல் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டு தனித்தனி 'உலகங்களாக'ப் பிரித்து, அந்தந்த உலகத்தில் ஒவ்வொரு பாடலையும் எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்றும் காட்டினார்கள்.

52மெட்ரோ என்ற குழுவின் 'லாக்டவுன்' பாடல், எண்ணிக்கை தெரியாதவர்களிடம் 26ஆம் இடம் பெற்றது. ஓர் உலகத்தில் அதே பாடல் முதலிடம், இன்னோர் உலகத்தில் 40ஆம் இடம்! பாடலில் ஒரு சுரம்கூட மாறவில்லை. முதலில் வந்த சிலர் எதைத் தொட்டார்கள் என்பதே பின்னால் வந்தவர்களை இழுத்துப்போனது. மிக நல்ல பாடல் அடியோடு தோற்பது அரிது, மிக மோசமானது ஜெயிப்பதும் அரிது. நடுவில் இருப்பவற்றின் கதி எப்படியும் ஆகலாம். முதல் நாள் எண்ணுக்காக ரசிகர்கள் உயிரை விடுவது, அந்த வகையில், மூடத்தனம் அல்ல.

2008இல் சால்கனிக்கும் வாட்ஸும் இன்னொன்று செய்தார்கள். எண்ணிக்கையைத் தலைகீழாக்கி, கடைசிப் பாடலை முதலிடத்தில் காட்டினார்கள். பல பாடல்களுக்குப் பொய்யே மெய்யாகிப்போனது. மிக நல்ல பாடல்கள் மட்டும் காலப்போக்கில் மீண்டுவந்தன. ஆனால் அந்தக் கடையில் மொத்தமாக இறக்கிக்கொள்ளப்பட்ட பாடல்களின் எண்ணிக்கையே குறைந்துவிட்டது. பொய் எண்ணால் நட்டம் போட்டியாளருக்கு மட்டுமல்ல, பாட்டுச் சந்தை முழுவதற்கும்தான். ஸ்ட்ரீமிங் கைடு எழுதும் தம்பி தங்கைகள் முதல் ஆய்வைத் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள், இரண்டாவதை இன்னும் எட்டவில்லை.

இந்தப் பயிற்சி டேக்கோடும் பார்வை எண்ணிக்கையோடும் நிற்பதும் இல்லை. 2020 ஜூனில் பி.டி.எஸ். குழு அமெரிக்காவின் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' இயக்கத்துக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்த செய்தி வந்தது. ரசிகர்கள் ஏறத்தாழ ஒரே நாளில் அதே தொகையைத் தாங்களும் திரட்டிவிட்டார்கள். டேக் ஏற்றப் பழகிய அதே குழுக்கள், அதே நேர ஒழுங்கு. இந்தக் கூட்டு பலம் நம் ஊரிலும் தெரிந்தது: அந்த ஆண்டு பிப்ரவரியில், நெய்வேலியில் வேன் மேல் ஏறி நடிகர் விஜய் ரசிகர் கூட்டத்தோடு எடுத்த செல்ஃபி, இந்தியாவில் ஆண்டின் அதிகம் ரீட்வீட் ஆன பதிவு என்று ட்விட்டரே அறிவித்தது.

மறுபக்கமும் உண்டு. 2019 ஜூலையில் உயிரோடு இருக்கும் அதே விஜய்க்கு அஞ்சலி செலுத்துவதுபோல ஒரு டேக்கை எதிர்முகாம் ரசிகர்கள் இந்திய அளவில் ட்ரெண்டாக்கினார்கள். கிரிக்கெட் வீரர் அஸ்வின் மனம் நொந்து பதிவிடும் அளவுக்குப் போனது. அந்த டேக்கை ஏற்றிவிட்டதில் எதிரிகளுக்கு மட்டும் பங்கில்லை. கோபத்தில் திட்டி எழுதியவர்களும் அதே டேக்கைப் போட்டுத்தான் திட்டினார்கள். கணக்குப் போடும் நிரலுக்கு வேகம் தெரியும், வசவும் வாழ்த்தும் அதற்கு ஒன்றே. ஆகவே குழு அட்மின்களிடம் ஒரு வேண்டுகோள்: அப்படியொரு டேக் கண்ணில் பட்டால் பதில் எழுதாதீர்கள், அந்தச் சொல்லைத் தட்டச்சுகூடச் செய்யாதீர்கள். ரிப்போர்ட் செய்துவிட்டுக் கடந்துபோகச் சொல்லுங்கள்.