8.12 வண்டியைத் தவறவிடுகிறவர்கள்

மும்பையில் லோக்கல் ரெயிலுக்கு நிமிடம்தான் பெயர். "நான் 8.12-ல் வருகிறேன், நீ 8.20-ஐப் பிடி" என்று பேசிக்கொள்வார்கள். பிழைக்க வந்த நம்மவர்களும் ஒரு மாதத்தில் இந்தக் கணக்குக்குப் பழகிவிடுகிறார்கள்.

சிலருக்கு மட்டும் எத்தனை வருடமானாலும் இது கைவருவதில்லை. ஐந்து மணிக்கே எழுந்திருப்பார்கள். குளித்துச் சட்டை போட்டாகிவிடும். புறப்படும்போது பாஸைக் காணோம். தேடுகையில் பழைய கரண்டு பில் கண்ணில் படும். அதைப் படிக்க உட்கார்ந்துவிடுவார்கள். வண்டி போய்விடும். சில கம்பெனிகளில் மாதம் மூன்று நாள் தாமதம் என்றால் அரை நாள் லீவு வெட்டு. தினக்கூலி என்றால் மேஸ்திரி வேறு ஆளை அழைத்துக்கொண்டு போயிருப்பார்.

சோம்பேறியா?

"பொறுப்பில்லாதவன்" என்று வீட்டிலும் வேலையிலும் பெயர் எடுத்த இவர்களில் சிலருக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. என்கிற நிலை. கவனம் ஓரிடத்தில் நிற்காது. துறுதுறுப்பு அளவு மீறும். இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது. வளர்த்தவர்கள் குற்றம் அல்ல. பரம்பரையாக வருவதே அதிகம். 12 வயதுக்கு முன்பே அடையாளங்கள் தெரியத் தொடங்கியிருக்கும். பெஞ்சில் உட்காராமல் ஓடிய பையன் பெரியவன் ஆனதும் ஓடமாட்டான். உள்ளுக்குள் மோட்டார் மட்டும் நிற்காது. பெண் பிள்ளைகள் பலர் ஓடுவதே இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி இருப்பார்கள். அதனால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

இவர்களுக்கு நேரம் இரண்டே வகை: இப்போது, இப்போது இல்லை. அரை மணி கழித்து என்பதும் அடுத்த வாரம் என்பதும் ஒரே தூரத்தில் தெரியும். அமெரிக்க மனநல நிபுணர் ரஸ்ஸல் பார்க்லி இதை நேரம் பற்றிய குருட்டுத்தனம் என்கிறார். கண் தெரியாதவரிடம் "உற்றுப் பார்" என்று சொல்லி என்ன பயன்?

ரெயில்வே பாடம்

ரெயில்வேயில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். ரெயில்வே யாருடைய ஞாபகத்தையும் நம்புவதில்லை. ஒற்றைப் பாதையில் டோக்கன் முறை உள்ள இடங்களில், அந்த டோக்கன் டிரைவர் கைக்கு வந்தால்தான் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குக் கிளம்பும். "பாதை காலிதான், எனக்கு நினைவிருக்கிறது" என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னால் செல்லாது. என்ஜினில் டிரைவரும் உதவி டிரைவரும் சிக்னலை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். முப்பது வருட சர்வீஸ்காரரும் சொல்லியாகவேண்டும். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை.

இவர்களும் நேரத்தையும் நினைவையும் தலையிலிருந்து இறக்கி, கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட வேண்டும். கதவின் உள்பக்கம் ஓர் ஆணி, அதில் ஒரு பை. பாஸ், சாவி, பர்ஸ், அடையாள அட்டை எல்லாம் அதில். வேலை விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றும் முன்பே உள்ளே போகவேண்டும். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் தங்கும் இடத்தில் ஓர் ஆணி கிடைப்பதே பெரிய பாடு என்பது தெரியும். சண்டை போட்டாவது வாங்குங்கள்.

எழுந்திருக்க ஓர் அலாரம் எல்லோரும் வைக்கிறார்கள். இவர்களுக்குப் புறப்படுவதற்கும் ஒன்று தேவை, எழுந்துபோய் நிறுத்தும் தூரத்தில். பூட்டும்போது "கேஸ் அணைத்தாச்சு, பூட்டியாச்சு" என்று வாய்விட்டுச் சொன்னால் பாதி வழியில் திரும்பவேண்டியதில்லை.

8.12 வேண்டுமானால் 7.58-ஐக் குறிவைக்கலாம். இன்னும் நல்லது, பிளாட்பாரத்தில் தினமும் காத்திருக்கும் ஒரு கூட்டாளி. தனியாக உட்கார்ந்தால் நகராத கணக்கு வேலைகூட, பக்கத்தில் ஒருவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே நகரும்.

எந்த ஏற்பாடும் சில வாரத்தில் புளித்துவிடும். அலாரம் அடிப்பதே காதில் விழாது. அப்போது மணிச் சத்தத்தை மாற்றவேண்டும், வைக்கும் இடத்தை மாற்றவேண்டும். பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள்.

மருந்து உண்டா?

உண்டு. மெத்தில்பெனிடேட் என்பது 1944-ல் சுவிட்சர்லாந்தில் உருவான பழைய மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது. பசி குறையலாம், தூக்கம் கெடலாம். ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளவேண்டும். பலருக்குக் கவனம் நிற்க உதவுகிறது. ஆனால் மாத்திரை பாஸைத் தேடித் தராது. ஆணி அப்போதும் வேண்டும்.

தூக்கக் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, குடி ஆகியவையும் இதே போலத் தோன்றலாம். ஆகவே தாமாக முடிவு கட்டவேண்டாம். சயான், கே.இ.எம். ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு உண்டு. சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள் என்று டாக்டர் கேட்பார். போகுமுன் ஊருக்குப் போன் செய்து அம்மாவிடம் விசாரித்து வையுங்கள். பள்ளிக்கூட ரேங்க் கார்டு கிடைத்தால் அதையும் அனுப்பச் சொல்லுங்கள். நேரில் போகத் தயக்கம் என்றால், மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.