குழந்தையின் கற்பனைக்கு ஒரு கம்ப்யூட்டர் ஸ்லேட்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் அதைச் சுற்றிச் சுற்றி வரும் முதல் ஆள் குழந்தைதான். தொட்டால் கெட்டுவிடும் என்று விரட்டுவோம். அழுதால் ஒரு கார்ட்டூனை ஓடவிட்டு உட்கார வைப்போம். இரண்டுமே வேண்டாம்.

காலித் தீப்பெட்டியைத் தள்ளிக் கொண்டு "பஸ் வருது, வழி விடு" என்று ஓடும் குழந்தையைப் பாருங்கள். பஸ் எங்கே நிற்கும், யார் ஏறுவார்கள் என்பதெல்லாம் அந்தக் குழந்தையின் முடிவு. கார்ட்டூனில் இந்த முடிவுகளை வேறு யாரோ எடுத்து விடுகிறார்கள். கற்பனை வளர, தீப்பெட்டி போலக் கம்ப்யூட்டரும் குழந்தையின் சொல்படி நடக்க வேண்டும்.

அதற்கு ஏற்ற புரோகிராம் டக்ஸ் பெயின்ட். 2002ல் பில் கெண்ட்ரிக் தொடங்கிய இது 3 முதல் 12 வயது வரையான குழந்தைகளுக்கானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். டக்ஸ்பெயின்ட் டாட் ஆர்க் தளத்தில் இலவசமாக டவுன்லோட் செய்து கொள்ளலாம்.

என்னென்ன செய்யலாம்?

பெரிய பட்டன்கள், பிரஷ், வண்ணங்கள், கூடவே ஓசைகள். மேஜிக் பிரிவில் வானவில், புல், மழை என்று இழுத்த இடத்தில் எல்லாம் வரும். தவறாகப் போட்டால் அன்டூ. சேவ் பட்டனை அழுத்தினால் பைலுக்குப் பெயர் கேட்காது. ஓப்பன் பட்டனை அழுத்தினால் வரைந்த படங்கள் சிறிய அளவில் வரிசையாகத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் தன் படத்தைத் தேடி எடுத்துவிடும்.

முதலில் செய்ய வேண்டியது

டக்ஸ் பெயின்ட் கான்ஃபிக் என்ற துணைப் புரோகிராமைத் திறந்து, முழுத்திரையில் இயங்கும்படி அமையுங்கள். குவிட் பட்டனை முடக்கிவிட்டால் குழந்தை தவறுதலாகப் புரோகிராமை மூடிவிடாது. மவுஸின் எந்தப் பட்டனை அழுத்தினாலும் வரையும்படியும் செய்யலாம். ஒரு பிரிண்ட் எடுத்தபின் அடுத்ததற்கு இத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்றும் அமைக்கலாம், இங்க் மிச்சமாகும்.

ஸ்டாம்ப் என்ற வசதியில் ஆயத்தப் படங்களை ஒட்டலாம். அதை ஆரம்பத்தில் நிறுத்தி வையுங்கள். அச்சில் வார்த்த யானை கையில் இருந்தால் சொந்த யானையை வரையக் குழந்தைக்குத் தோன்றாது.

உங்கள் வேலை என்ன?

பக்கத்தில் உட்காருங்கள், மவுஸைப் பிடுங்காதீர்கள். யானை பச்சையாக இருந்தால் "யானை கறுப்பு" என்று திருத்த வேண்டாம். "இந்த யானை எங்கே போகுது?" என்று கேளுங்கள். பதில் வந்தால் "அடுத்து என்ன ஆச்சு? அதையும் வரையேன்" என்று சொல்லுங்கள்.

இப்படி நான்கைந்து படங்கள் சேர்ந்ததும் ஓப்பன் பகுதியில் உள்ள ஸ்லைட்ஸ் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். படங்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்து பிளே கொடுத்தால் அவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். குழந்தை பக்கத்தில் நின்று கதை சொல்லட்டும். பாட்டியும் தாத்தாவும் கேட்கட்டும்.

நேரம் முக்கியம்

2 வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் அறிவுறுத்தியது. டிவி, செல்போன் பார்ப்பதும் இந்தக் கணக்கில் சேரும். எனவே அரை மணி நேரம் வரைந்தபின் ஒரு படத்தை பிரிண்ட் எடுத்து, வெட்டி, ஐஸ் குச்சியில் ஒட்டிக் கொடுங்கள். பச்சை யானை பொம்மையாகிவிடும். கம்ப்யூட்டரை அணைத்துவிடலாம், மீதி விளையாட்டு தரையில் நடக்கும். தீப்பெட்டி பஸ்ஸில் ஏற ஒரு பயணியும் கிடைத்தாயிற்று.