திருகுதாழ்

வடசென்னைக் கொருக்குப்பேட்டை வழியே துறைமுகம் நோக்கிச் செல்லும் நீண்ட டிரெய்லர் லாரிகளைக் காணாதார் அப்பகுதியில் இலர். அவற்றின்மேல் கண்டெய்னர் எனப்படும் இரும்புப் பெட்டகம் அமர்ந்திருக்கும். சரக்குடன் 30 டன் வரை எடையுள்ள அப்பெட்டகத்தைக் கயிற்றாலோ சங்கிலியாலோ கட்டியிருப்பதில்லை. ஆயினும் அது தளத்தினின்றும் நழுவுவதில்லை. காரணம் யாது?

பெட்டகத்தின் எட்டு மூலைகளிலும் உறுதியான எஃகு வார்ப்புகள் உள்ளன. கீழ்மூலை நான்கின் அடிப்புறத்திலும் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் அகலமும் உடைய துளைகள் உண்டு. லாரியின் தளத்தில் அத்துளைகளுக்கு நேராக நான்கு எஃகு முளைகள் நிற்கும். முளையின் தலையும் துளையைப் போன்றே நீள்வடிவம் உடையது. பெட்டகத்தை இறக்கும்பொழுது தலை துளையினுள் எளிதில் புகும். பின்னர்க் கைப்பிடியால் முளையைக் கால்வட்டம் திருப்பினால், தலை துளைக்குக் குறுக்காக நிற்கும். புகுந்த வழியே மீள இயலாது. இதனை டுவிஸ்ட் லாக் என்பர். நாம் திருகுதாழ் எனலாம்.

இதன் நுட்பம் எளிது. பெட்டகம் மேலெழ முயன்றால், அவ்விசை முளையை மேல்நோக்கி இழுக்குமேயன்றிச் சுழற்றாது. ஆதலின் இழுப்பு மிகுவதனால் தாழ் திறவாது. பலவகைத் துப்பாக்கிகளிலும் இம்முறையே உண்டு. போல்ட் என்னும் தாழை முன்தள்ளித் திருப்பினால், அதன் புடைப்புகள் உரிய பள்ளங்களில் குறுக்காகப் பொருந்தும். தோட்டா வெடிக்கும்பொழுது வாயு அதனைப் பின்தள்ளுமேயன்றித் திருப்பாது. லாரியிலோ ஓட்டத்தின் அதிர்வு உண்டு. அதனால் முளை திரும்பாதவாறு மரையை இறுக்கிக் காப்பர்.

1956-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பார் 58 பெட்டகங்களை ஐடியல் எக்ஸ் என்னும் கப்பலில் அனுப்பினார். அவரிடம் பணியாற்றிய கீத் டேன்ட்லிங்கர் என்னும் பொறியாளர் வகுத்த அமைப்பினின்றும் வளர்ந்ததே இன்றைய திருகுதாழ். பின்னர் அதன் காப்புரிமை பொதுவாக விடப்பட்டது. உலகெங்கும் ஒரே அளவு வழக்கிற்கு வந்தது. ஆகவே எந்நாட்டுப் பெட்டகமும் நம் லாரியில் பொருந்துகிறது. சென்னைத் துறைமுகத்தில் பெட்டக முனையம் 1983-இல் தொடங்கப்பெற்றது.

தாழ் நன்றாயினும், பூட்டுவது மனிதனின் கையே. பூட்டாத பெட்டகம் வளைவில் சரியின், அருகே செல்வோர் உயிர்க்கு இறுதியாகும். திறக்க மறந்த தாழோடு பாரந்தூக்கி பெட்டகத்தைத் தூக்கின், லாரியும் உடன் எழும். மூன்று பூட்டினோம், போதும் என்று எண்ணுதலும் பிழையே. புறப்படுமுன் வண்டியைச் சுற்றிவந்து நான்கு தாழ்களையும் கையால் தொட்டுப் பார்த்தல் ஓட்டுநரின் கடமையாகும்.