மின்கிற்றாரின் செவியும் ஒரு துளிப் பற்றாசும்

நரம்புக்கருவி, துளைக்கருவி, தோற்கருவி, கஞ்சக்கருவி என இசைக்கருவிகளை நம் முன்னோர் வகுத்து வைத்தனர். மின்கிற்றார் நரம்புக்கருவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் வீணைக்குக் குடம் உண்டு. நரம்பின் மெல்லோசையை அக்குடம் பெருக்கித் தருகின்றது. மின்கிற்றாரின் உடலோ பெரும்பாலும் திண்ணிய பலகையே. மின்னிணைப்பின்றி மீட்டினால் அடுத்த அறையிலிருப்பவருக்குக் கேளாது. நரம்பின் அதிர்வை மின்னாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் சிற்றுறுப்பு ஒன்று நரம்புகளின் அடியிற் பதிக்கப்பட்டுள்ளது. அதனைப் ‘பிக்கப்’ என வழங்குவர். கருவியின் செவி என்று நாம் கூறலாம். அது செவிடானாற் கருவி ஊமையாகும்.

தமிழாசிரியருக்கு இதில் என்ன அலுவல் என அன்பர்கள் நகைத்தல் கூடும். யாப்பருங்கலக் காரிகையின் உரையை நினைவூட்ட விரும்புகின்றோம். முதற்குறளும் தனிச்சொல்லும் இசையாது விட்டிசைக்குமிடத்து ஓரிரு அசைகளை இடையிற் கூட்டி இணைப்பதை ‘ஆசு’ என்றனர். ஒட்டாத உலோகங்களைப் பற்றாசு இட்டு ஒட்டுவிப்பதை அதற்கு உவமையாகக் காட்டினர். பற்றாசு என்பது நாம் இன்று ‘சோல்டர்’ என்று கடையிற் கேட்டு வாங்கும் பொருளேயாம். வகுப்பறையிற் பல்லாண்டு அவ்வுவமையைக் கூறிவந்த யாம், உவமையின் பொருளைக் கையாற் செய்து பார்த்தது சென்ற ஆண்டிலேதான்.

கலைவிழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. பழைய மாணவர் ஒருவர் கல்லூரிக்கு உவந்தளித்த மின்கிற்றார் ஒன்று எம்மிடம் இருந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பொப்பிசைப் பாடல்கள் ஈழமெங்கும் ஒலித்த 1970களில் அவர் வாசித்த கருவி அது. 1990களின் தொடக்கத்தில் தீவக மக்கள் இடம்பெயர்ந்தபோது அவரோடு பண்ணைப் பாலம் கடந்து சென்று, பல வீடு மாறி, மீண்டும் சரவணைக்கு வந்தது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அதில் வாசிக்கப் பயின்றிருந்தான். ஒத்திகையன்று அதன் இரு பிக்கப்புகளுள் கழுத்தோரம் இருந்தது ஒலிக்கவில்லை. நகரத்துக் கடையொன்றில், “இது செத்துவிட்டது, புதிது வாங்குங்கள்” என்றனர். அதற்குப் பணமுமில்லை, நாளுமில்லை.

பிக்கப் தொழிற்படும் முறையை விளங்கிக்கொள்ள நம் ஊரவர்க்கு நூல் வேண்டியதில்லை. மின்சாரமும் மின்கலமும் இல்லாதிருந்த 1990களில், யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளில் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்னால் வானொலி கேட்டதை மறந்தார் யார்? சிறுவராயிருந்த எம் பணி மிதியைச் சுற்றுவது. செய்தி முடியுமுன் கை ஓய்ந்தால் ஏச்சு விழும். அந்த டைனமோவினுள்ளே காந்தம் கம்பிச்சுருளின் நடுவிற் சுழல்கின்றது. சுருளினூடான காந்தப்பாயம் மாறுந்தோறும் சுருளில் மின் பிறக்கும் என மைக்கல் பரடே 1831இற் கண்ட உண்மையே அது. பிக்கப்பில் காந்தமும் சுருளும் அசைவதில்லை. காந்தம் தன் மேலுள்ள உருக்கு நரம்பையும் காந்தமாக்குகின்றது. நரம்பு அதிர, பாயம் மாறுகின்றது. நரம்பு செக்கனுக்கு 110 முறை அதிர்ந்தால் அதே வேகத்தில் மாறும் சிறு மின் சுருளிற் பிறக்கின்றது. பித்தளை நரம்பு காந்தத்துக்கு வசப்படாது. ஆதலின் இவ்வுறுப்பை வீணையிற் பொருத்தினால் உருக்கு நரம்புகள் உரக்கப் பேச, பித்தளை மந்தரம் அடங்கிப்போகும். வீணைக்குக் குடத்தின் அதிர்வையே நேரிற் பற்றும் வேறுவகை ஒலிவாங்கியை ஒட்டுவது இதனாலேயாம்.

அமெரிக்காவில் ஜோர்ஜ் பீச்சம் என்பவர் 1931ஆம் ஆண்டளவில் இவ்வுறுப்பைச் செம்மை செய்தார். ரிக்கன்பாக்கர் நிறுவனம் 1932இல் அக்கருவியை விற்பனைக்கு விட்டது. மேனாட்டாரின் ஆரவாரத்துக்கே உரியது இது என எண்ணுவோர், 2014இல் மறைந்த மண்டலின் யூ. சிறீனிவாஸ் கருநாடக இசையை வாசித்தது ஐந்து நரம்புடைய மின்மண்டலினில் என்பதை எண்ணிப் பார்ப்பாராக.

இனிப் பழுது காணும் முறை. பிக்கப்பைக் குறை கூறுமுன் வெளியிலிருந்து உள்ளே செல்ல வேண்டும்: முதலில் இணைப்புவடம், பின் அது செருகப்படும் துளை, பின் ஒலியளவு திருகி. இவற்றிலேயே பெரும்பாலான குற்றங்கள் அகப்பட்டுவிடும். பின்னர் ஒலிபெருக்கியைத் தாழ்த்தி வைத்துத் திருகாணிச் சாவியின் இரும்பு முனையாற் பிக்கப்பின் முகத்தை மெல்லத் தட்டினால், உயிருள்ளது ‘டொக்’ என விடை கூறும். எம் கருவியில் ஒன்று கூறியது. மற்றது வாய் திறக்கவில்லை. அதன் கம்பிகளைக் கழற்றிப் பன்மானியால் அளந்தோம். நலமான ஒற்றைச் சுருள் 5,000 முதல் 9,000 ஓம் வரை தடை காட்டும். இங்கு முடிவிலி காட்டிற்று. எங்கோ அறுந்திருக்கிறது என்பது பொருள்.

எங்கே என்பதுதான் உயிர்நாடியான வினா. அச்சுருளில் ஏறத்தாழ 0.06 மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்புக்கம்பி ஏழெட்டாயிரம் சுற்றுச் சுற்றப்பட்டிருக்கும். அவிழ்த்தால் ஒரு கிலோமீற்றர் நீளும். தலைமயிரினும் தடித்ததன்று. நடுவில் அறுந்திருப்பின் முழுதும் புதிதாய்ச் சுற்றுவதன்றி வழியில்லை. ஆனால் மயிர்க்கம்பி வெளிக்கம்பியோடு கூடும் இரு முனைகளிலேயே அறுதல் பெரும்பான்மை. அங்கேதான் இழுபடும், அங்கேதான் ஈரம் தங்கும். உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினோம். புறச்சுற்று முடியும் பற்றிற் களிம்பு பச்சையாய்ப் பூத்திருந்தது. சோளகக்காற்று அள்ளி வரும் உப்புக்கு நம் தீவிற் செம்பு தப்புவது அரிது. முன்னர் எவரோ, வாளி ஒட்டுவோர் பூசும் அமிலப் பசையை அதிற் பூசியுமிருந்தார் போலும். அமிலமும் உப்பும் கூடினாற் கம்பிக்கு ஆயுள் ஏது? மின்வேலைக்கு மரப்பிசின் உள்ளடங்கிய பற்றாசே தக்கது.

அறுபது பங்கு வெள்ளீயமும் நாற்பது பங்கு காரீயமும் கலந்த பற்றாசு 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கி 190 அளவில் நீராகும். அதனைச் சூட்டுக்கோலில் உருக்கிப் பற்றின்மேற் சொட்டவிடுவது புதியோர் செய்யும் பிழை. கோலின் துப்புரவான நுனியால் ஒட்டவேண்டிய உலோகங்களை இரண்டு மூன்று செக்கன் சூடாக்கி, அச்சூட்டிற் பற்றாசு தானே உருகிப் பரவுமாறு தொடவேண்டும். ஆறும்வரை அசைத்தல் ஆகாது. அசைந்தாற் பற்று சாம்பல் நிறமாய்ப் பொருபொருத்து நிற்கும். அப்பற்று ஒருநாள் ஒலிக்கும், மறுநாள் ஒலியாது. புகையை முகராதிருத்தலும், காரீயம் தொட்ட கையைக் கழுவிய பின்னரே உணவைத் தொடுதலும் வேண்டும்.

இவ்வளவும் அறிந்த யாமே பிழை செய்தோம். களிம்பைச் சுரண்டிவிட்டு, பற்று விடக்கூடாதென்னும் அச்சத்தால், மாட்டுக்குக் குறிசுடுபவர் போலக் கோலை அழுத்திப் பிடித்தோம். சுருளைத் தாங்கிய பிளாத்திக்கு இளகிற்று. மயிர்க்கம்பியின் நுனி கருகி உள்ளே மறைந்தது. “சேர், இனிச் சரிவராதோ?” என்றான் அருகில் நின்ற மாணவன். எம்மிடம் விடையில்லை. கோலை ஆறவைத்துவிட்டு வீடு சென்றோம்.

மறுநாட் காலை வெளிச்சத்தில் அவன் கண்ணாடியைப் பிடிக்க, குண்டூசி முனையால் நுனியைத் தேடியெடுத்தோம். ஒரேயொரு சுற்றை அவிழ்த்தோம். எண்ணாயிரத்தில் ஒன்று போனாற் குடி முழுகாது. கம்பியின் மேற்பூச்சை மென்மையான உரசுதாளால் இருமுறை நீவி நீக்கினோம். நீக்காவிடிற் பற்றாசு ஒட்டாது. வெளிக்கம்பியில் மும்முறை தளரச் சுற்றி, கோலை ஒரு செக்கனே காட்டினோம். பன்மானி 5,800 ஓம் காட்டியது. மாணவன் அதனை மூன்று முறை அளந்தான்.

ஆயினும் இரு பிக்கப்புகளையும் சேர்த்து ஒலிக்கவிட்டபோது ஓசை நோயாளியின் குரல்போல் மெலிந்தது. தனித்தனியே இரண்டும் நன்கு பாடின. ஒன்றின் இரு கம்பிகளையும் இடம்மாற்றி இணைத்துவிட்டோம் என்பது பின்னர்ப் புலனாயிற்று. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கி, ஒன்றையொன்று அழித்திருக்கின்றன. மாற்றி ஒட்டினோம். ஓசை நிறைந்தது. நரம்பைத் தொட்டதும் அடங்கும் சிறு இரைச்சல் ஒன்று மட்டும் எஞ்சியது. அது நரம்புகளின் புவித்தொடுப்புச் சரியாயிருப்பதன் அடையாளமாதலின் அவ்வாறே விட்டோம்.

விழாவில் அவன் வாசித்தான். கருவி இப்பொழுது கல்லூரி அலுமாரியில், பழைய சேலைத்துணி சுற்றிய பெட்டியில் இருக்கின்றது. சோளகம் ஓய்ந்தபின் ஒருமுறையும் மாரி கழிந்தபின் ஒருமுறையும் அதன் பற்றுக்களைத் திறந்து பார்த்து வருகின்றோம்.