ஒரு வேகன் சரக்குக்கு இடமில்லை

நான் ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மதுரைக் கோட்டத்தின் சின்னச் சின்ன மீட்டர்கேஜ் ஸ்டேஷன்களில்தான் என் பணிக்காலத்தின் முதல் பகுதி கழிந்தது. "லாரி வேகம், ரயில் மெதுவு, அதனால் சரக்கு ரோட்டுக்குப் போய்விட்டது" என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. சரக்கு தானாகப் போகவில்லை. சின்ன வியாபாரியிடம் சரக்கு வாங்குவதை ரயில்வே நிறுத்தியது. அவர் லாரியைத் தேடிப் போனார்.

அப்போதெல்லாம் வியாபாரி ஒரே ஒரு வேகன் வேண்டும் என்று இன்டென்ட் கொடுத்தால் போதும். வேகன் நிரம்பாது என்றால் 'ஸ்மால்ஸ்' கணக்கில் சில மூட்டைகளைக்கூட அனுப்பலாம். பருத்திப் பொதி, மிளகாய் மூட்டை, கருப்பட்டிச் சிப்பம் எல்லாம் ஸ்டேஷனின் கூட்ஸ் ஷெட்டுக்கு வரும். எடை போட்டு, மார்க்கா எழுதி, ஆர்.ஆர். என்ற ரயில்வே ரசீது போட்டுக் கொடுப்போம். அந்த ரசீதை வைத்தே பேங்கில் பணம் புரட்டுவார்கள். கூட்ஸ் வண்டி ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்று வேகன்களைச் சேர்த்துக்கொண்டு போகும். பெரிய யார்டில் ஊர்வாரியாகப் பிரித்து மறுபடி கோப்பார்கள்.

அந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. ஓடும் நேரத்தைவிட வேகன் யார்டில் நிற்கும் நேரமே அதிகம். மீட்டர்கேஜும் பிராட்கேஜும் சந்திக்கும் இடத்தில் மூட்டைகளை ஆள் வைத்து மாற்றி ஏற்ற வேண்டும். உடைசலும் களவும் அங்கேதான். ஒரு வேகன் சரக்கேற்றிப் போய், இறக்கி, அடுத்த லோடுக்குத் தயாராக 1980 வாக்கில் சுமார் 15 நாள் ஆனது.

அதைச் சரிசெய்யத்தான் 1980-களில் முழு ரேக் முறைக்கு மாறினார்கள். ரேக் என்றால் ஏறக்குறைய 40 மூடு வேகன்கள், சுமார் 2,500 டன். ஒரே இடத்தில் ஏற்றி, யார்டில் பிரிக்காமல், ஒரே இடத்தில் இறக்குவது. பிற்பாடு அந்த 15 நாள் ஐந்து நாள் அளவுக்குக் குறைந்தது. நிலக்கரிக்கும் சிமென்ட்டுக்கும் உரத்துக்கும் இது அருமையான ஏற்பாடு. இன்று ரயில்வே ஆண்டுக்கு ஏற்றும் சுமார் 160 கோடி டன்னில் கிட்டத்தட்டப் பாதி நிலக்கரிதான். ஆனால் 20 டன் மிளகாய் வைத்திருப்பவர் 2,500 டன்னுக்கு எங்கே போவார்?

லாரிக்காரர் அவர் வாசலுக்கே வந்தார். ஏற்ற இறக்க ஒரே கூலிதான். 1990-களின் கடைசியில் தொடங்கிய தங்க நாற்கரச் சாலைகள் வந்தன, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லை வரிச் சாவடிகளில் காத்துக் கிடப்பது ஒழிந்தது. ரயில்வேயோ பயணிகள் கட்டணத்தை ஏற்றாமல் சமாளிக்கச் சரக்குக் கட்டணத்தை ஏற்றியபடி இருந்தது. 1951-இல் நாட்டின் சரக்கில் 80 சதவீதத்துக்கு மேல் சுமந்த ரயில், இன்று 30 சதவீதத்தைத் தொடவே திணறுகிறது.

மதுரை–போடி பாதையையே பாருங்கள். ஏலக்காய்க்குப் பேர்போன ஊருக்கு 1928-இல் போட்ட 90 கிலோமீட்டர் பாதை. அகலப் பாதையாக்க 2010 கடைசியில் மூடினார்கள். போடிக்கு மறுபடி வண்டி வந்தது 2023 ஜூனில். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ரயிலே இல்லாத ஊரில் எந்த வியாபாரி ரயிலை நம்பிக் காத்திருப்பார்?

இதன் விலையை நாம் எல்லோரும்தான் கொடுக்கிறோம். ஒரு ரேக் சுமப்பதை ரோட்டில் கொண்டுபோக நூறு லாரிக்கு மேல் வேண்டும். ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் நகர்த்த ரயிலுக்கு ஆகும் எரிபொருள் லாரியைவிட மிகக் குறைவு. டீசல் புகை, உடைந்த ரோடு, ராத்தூக்கம் கெட்டு ஓட்டும் டிரைவர் என்று மிச்சக் கணக்கு நம் தலையில் விழுகிறது.

ரயிலின் பங்கை 2030-க்குள் 45 சதவீதமாக்க வேண்டும் என்கிறது தேசிய ரயில் திட்டம். நிலக்கரியை மட்டும் நம்பினால் அது நடக்காது. பாதி நீளமுள்ள மினி ரேக்குக்கும், இரண்டு ஸ்டேஷனில் இறக்கும் ரேக்குக்கும் விதிகளில் ஏற்கெனவே இடமுண்டு. அந்தக் குறைந்தபட்ச அளவை இன்னும் இறக்கி, பல வியாபாரிகளின் சரக்கைக் கன்டெய்னரில் சேர்த்து, குறித்த நாளில் குறித்த நேரத்தில் கிளம்பும் சரக்கு வண்டி விட வேண்டும். மூடிய ஷெட்டுகளில் சிலவற்றையாவது திறந்து, மழையில் நனையாத கூரையும் லாரி வந்து திரும்ப இடமும் கொடுக்க வேண்டும். தண்டவாளத்துக்கான செலவை ஏற்கெனவே செய்துவிட்டோம். அதில் சின்ன வியாபாரிக்கும் ஒரு வேகன் ஒதுக்குங்கள் என்பதுதான் என் கோரிக்கை.