கர்ப்பப்பை அறுவை: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

கர்ப்பப்பையை அகற்றச் சம்மதம் தர வேண்டியவர் நோயாளிதான். சுயநினைவோடு இருக்கும் வயது வந்த பெண்ணுக்காகக் கணவரோ தாயோ இடும் கையெழுத்து சட்டப்படி போதாது. 1995இல் டெல்லியில் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் மட்டும் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது இப்படிச் செய்தது தவறு என 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னதோடு விதித்த இழப்பீடு 25,000 ரூபாய்தான். தொகை சொற்பம், ஆனால் சிகிச்சையின் நோக்கம், ஆபத்து, மாற்று வழி, மறுத்தால் நேரக்கூடியது ஆகியவற்றைச் சொல்லிய பிறகே சம்மதம் வாங்க வேண்டும் என்பது அதனால் உறுதியானது.

மாற்று வழி என்று பார்த்தால், அதிக உதிரப்போக்குக்கு மாத்திரையும் ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனமும் உண்டு. கர்ப்பப்பையில் கட்டி இருந்தால் அதை மட்டும் எடுக்கவும் பலருக்கு முடியும். மாதவிடாய் நிற்கும் முன்பே இரு சினைப்பைகளையும் எடுத்தால் உடல் தகிப்பு திடீரெனத் தொடங்கும், எலும்பும் வலுவிழக்கும். இதை விளக்குவது மருத்துவரின் பொறுப்பு. "சினைப்பையையும் எடுப்பாங்களா சிஸ்டர்?" என்று நோயாளி கேட்டால், விளக்கம் போய்ச் சேரவில்லை என்று பொருள். செவிலியர் அதைக் கேஸ் ஷீட்டில் குறித்து மருத்துவரை அழைக்க வேண்டும்.

செவிலியரின் பராமரிப்புத் திட்டம் ஹீமோகுளோபின், ஒவ்வாமை, சர்க்கரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஆகியவற்றை விசாரிப்பதில் தொடங்குகிறது. திட உணவைப் பொதுவாக 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். அறுவைக்குப் பின் கண்காணிப்பில் இரண்டு முக்கியம். ஒரே மணி நேரத்தில் பேட் முழுக்க நனைந்தால் உடனே மருத்துவருக்குத் தெரிய வேண்டும். யூரின் பையில் மணிக்கு 30 மில்லிக்குக் குறைவாகச் சேர்ந்தாலும் அப்படியே. ரத்த இழப்போ சிறுநீர்க் குழாய்க் காயமோ காரணமாக இருக்கலாம். காலில் ரத்தம் உறையாதிருக்கச் சீக்கிரமே எழுந்து நடக்க வைப்பார்கள். வீடு திரும்பிய பின் பிறப்புறுப்பில் சிறுநீர் கசிந்தாலோ, காய்ச்சலோ ஒரு காலில் மட்டும் வீக்கமோ வந்தாலோ காத்திருக்கக் கூடாது.

அகற்றிய உறுப்பின் பயாப்ஸி அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். சிகிச்சை ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ ஒழுக்க விதி. சம்மதமின்றியோ கவனக்குறைவாகவோ சிகிச்சை நடந்திருந்தால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். பொதுவாக அதற்குக் காலக்கெடு 2 ஆண்டு. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே இழப்பீடு கேட்க நீதிமன்றமே வழி.